எதிர்க்கரை – 7: ஏட்டு கேட்ட பெயர்

சிவசாமி வாத்தியார் ராத்திரிச் சாப்பாட்டைப் பத்து மணிக்குத் தள்ளிவைத்து இரண்டு வாரம் ஆகிறது. ஸ்பெயினில் அந்த நேரத்துக்குத்தான் சாப்பிடுவார்களாம். இப்போதே பழகிக்கொள்கிறாராம். பழகுகிறவருக்குக் கஷ்டம் தெரியவில்லை. எட்டு மணிக்கே கண் செருகுகிற பிரகதாம்பாள்தான் சோற்றுப் பானைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள்.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். கீரனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற சிவசாமி, போன வருஷம் திருச்சிக்குச் சினிமா பார்க்கப் போனார். படத்துக்கு முன்னால் ஓட்டிய செய்திப்படத்தில், பாம்ப்லோனா என்ற ஊரின் தெருவில் காளைகள் ஓடின. வெள்ளைச் சட்டையும் கழுத்தில் சிவப்புத் துணியுமாக ஆண்பிள்ளைகள் அவற்றுக்கு முன்னால் ஓடினார்கள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. நம் மஞ்சுவிரட்டுக்கும் அதற்கும் என்ன உறவு என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று கிளம்பிவிட்டார். திருச்சியில் ஒரு ஸ்பானியப் பாதிரியாரைப் பிடித்துச் சனிக்கிழமை தோறும் அந்தப் பாஷையைப் படித்தார். கோட்டு தைத்தார். தன் பங்கு நிலத்தை விற்றார். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டாயிற்று. சித்திரையில் பம்பாயில் கப்பல் ஏறுவதாகத் திட்டம்.

ஊருக்குப் புரியாதது ஒன்றுதான். எந்தக் காலேஜ் கூப்பிட்டது? எந்தக் காலேஜும் இல்லை. சர்க்கார் அனுப்புகிறதா? இல்லை. படித்து முடித்தால் என்ன பட்டம்? ஒன்றும் கிடையாது. தானே பார்த்து, தானே கேட்டு, தானே படிப்பாராம். நாற்பதை நெருங்குகிற மனிதர் தனக்குத்தானே வாத்தியாராகவும் தனக்குத்தானே பையனாகவும் ஒரு பள்ளிக்கூடத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடல் தாண்டப் போகிறார்.

ஊருக்குப் புரியாதது பிரகதாம்பாளுக்கு மட்டும் புரிந்தது. அதுதான் வினை.

காரணம் சொல்லத் தெரியாமல் ஆண்பிள்ளை கடல் தாண்டினால், சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். இது அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவளுடைய அப்பா பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். இரண்டு தடவை வந்தார், பொம்மையும் பிஸ்கட்டும் கொண்டுவந்தார். மூன்றாம் தடவை அவர் வரவில்லை. அங்கே அவருக்கு ஒரு வீடும், அந்த வீட்டில் ஒரு பெண்பிள்ளையும், அவளுக்குக் குழந்தைகளும் இருக்கிற செய்தி மட்டும் வந்தது.

பிரகதாம்பாளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். குழந்தை இல்லை. சிவசாமி அதைப் பற்றி ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. குத்திப் பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலை. குளிக்கும்போதே புரியாத பாஷையில் முனகிக்கொண்டு வந்த சிவசாமி, இட்லித் தட்டின் முன் உட்கார்ந்தார். மிளகாய்ப்பொடியை ஓரமாகத் தள்ளிவைத்தார். அதுவும் பழக்கத்துக்காகத்தான்.

"இன்னைக்கோ நாளைக்கோ போலீஸ்லேருந்து ஆள் வருவாங்க. பயந்துக்காத," என்றார்.

"போலீஸா?"

"பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கிறது வழக்கம். இந்தப் பேர்ல ஆளு இருக்காரா, நல்ல ஆளான்னு கேப்பாங்க. ஆமான்னா போதும், எழுதிட்டுப் போயிருவாங்க. அந்தக் காகிதம் திருச்சிக்குப் போயி, மெட்ராசுக்குப் போயி, அப்புறந்தான் பாஸ்போர்ட்டு."

"நல்ல ஆளான்னும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"அதுக்கும் ஆமான்னு சொல்லணுமா?"

சிவசாமி வாய்விட்டுச் சிரித்தார். பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. சட்னியை ஊற்றிக்கொண்டே, தினமும் கேட்கிற கேள்வியை இன்றும் கேட்டாள்.

"அங்கிட்டு எங்கதான் தங்குவீங்க?"

"எத்தன தடவ சொல்றது? ஒரு பண்ணையில. காளை வளக்குற பண்ணை. சோறும் படுக்கையும் அவங்க பொறுப்பு, பதிலுக்கு நான் மாட்டுக் கொட்டகையில வேலை பாப்பேன். மூணு மாசம் அங்கிட்டு. பெறகு வலென்சியா. அங்க வியாழக்கிழமைதோறும் கோயில் வாசல்ல குடியானவங்க உக்காந்து, வாய்க்கால் தண்ணிச் சண்டைய வாய்ப்பேச்சாவே தீத்துக்கிறாங்களாம். வக்கீலு கெடையாது! நம்ம கம்மாய்க்கு அது வந்தா எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு."

கம்மாயைப் பற்றி நினைத்துப் பார்க்கிற மனநிலையில் அவள் இல்லை. "பண்ணைக்காரரு எப்படி?" என்று கேட்டாள்.

"நல்ல குடும்பமாம்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவர் எழுந்துவிட்டார். தட்டில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது.

சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஸ்பெயின் தேசப் படத்தைக் கடந்துதான் அவர் வாசலுக்குப் போக வேண்டும். போகிறபோது ஓர் இடத்தைக் கட்டை விரலால் தடவிவிட்டுப் போனார். சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இது அந்த ரகமாகத் தெரியவில்லை.

*

தெருக் குழாயில் அடைக்கலமேரி ஏற்கெனவே குடத்தோடு நின்றிருந்தாள். அவள் புருஷன் சவரியப்பன் அதே பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். திருச்சிப் பாதிரியாரைச் சிவசாமிக்கு அறிமுகம் செய்துவைத்த புண்ணியவான் அவர்தான்.

"என்ன பிரகதம், மொகமே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல மேரியக்கா. இவருக்குப் போலீஸ் விசாரணை வருதாம்."

"அட, அப்ப போறது உறுதியாயிருச்சா!" அடைக்கலமேரி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நல்ல எடந்தான் புடிச்சுக் குடுத்திருக்காரு திருச்சிச் சாமியாரு. அந்தம்மா ரொம்பப் பெரிய பண்ணைக்காரியாமே."

"எந்தம்மா?"

"அந்தப் பண்ணை எஜமானியம்மா. இசபெல்லுன்னு பேரு. சாமியாருக்குச் சொந்தமாம். புருஷன் செத்துப் போயி அந்தம்மா ஒத்தையாத்தான் அம்புட்டு மாட்டையும் கட்டி மேய்க்கிறாகளாம்…" அடைக்கலமேரி பாதியில் நிறுத்தினாள். "ஏன், சார் ஒன்கிட்டச் சொல்லல்லையா?"

பிரகதாம்பாள் சொன்னாள், "சொன்னாரு, சொன்னாரு." பொய். ஆனால் நடுத்தெருவில் வேறு என்ன சொல்வது? பேச்சுக்குக் கேட்பவள் போல, "என்ன வயசிருக்கும் அந்தம்மாவுக்கு?" என்றாள்.

"அத எங்க வீட்டு மனுசன் கேட்டுட்டாலும்! மாடு எத்தனன்னு கேட்டாராம், கோயிலு எத்தனன்னு கேட்டாராம். ஆம்பளைக புத்தி."

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்; குழாயை மூடுவதற்குத்தான் சிறிது நேரம் ஆயிற்று.

நல்ல குடும்பமாம்! குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்கும்போது அந்த வார்த்தையை அவள் மனசுக்குள் மென்றுகொண்டே வந்தாள். ஒரு விதவை, ஒரு பண்ணை, மூன்று மாதம். சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பார்தானே? தினமும் வலென்சியா வாய்க்காலைப் பற்றிச் சொல்கிறவருக்கு, தான் தங்கப்போகிற வீட்டுக்காரி ஒரு பெண்பிள்ளை என்று சொல்ல வாயில் கொழுக்கட்டையா?

*

வீட்டு வாசலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் வல்லத்திராக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பக்கத்தில் சாக்கில் சுற்றி ஆயில் என்ஜினின் பாகம் ஏதோ ஒன்று. திருச்சிக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டும். போகிற வழியில் தங்கச்சி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கியிருக்கிறார்.

"மாப்பிள்ள பள்ளிக்கூடம் போயிட்டாகளா? ஒரு சங்கதி கேக்கணுமே," என்றார். "அந்த ஊரு மாட்டுக்குத் திமிலே கெடையாதாம்ல ஆத்தா? திமிலு இல்லாத மாட்ட எதப் புடிச்சு அணையிறது? அதான் அவனுக கத்திய எடுத்துட்டானுக போலருக்கு. கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமில்ல."

பினாங்கு அப்பாவுக்கு இவரும் பிள்ளைதான். கடல் என்றாலே எரிந்து விழ வேண்டியவர். ஆனால் காளை என்ற ஒரு சொல்லைப் போட்டு மாப்பிள்ளை இவரையும் வளைத்துவிட்டார். பிரகதாம்பாளுக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணே, அந்தப் பண்ணைக்காரி ஒரு பொம்பளையாம். புருஷன் இல்லாதவளாம். அத எங்கிட்ட மறைச்சிருக்காரு."

ஆவுடையப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். "மறைச்சாரா, சொல்ல மறந்தாரா?"

"மறக்குற விசயமா அது?"

"ஒனக்கு நம்ம அய்யா ஞாபகம். ஒருத்தரு அப்படிப் போனா எல்லாருமா போயிருவாக? மாப்பிள்ள தங்கம். பசிக்குது, சோத்தப் போடு."

அவள் இலையை விரித்துச் சோற்றை வைத்தாள். அண்ணன் முதல் கவளத்தை வாயில் போட்டபோது வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. காக்கிச் சட்டை. கையில் ஒரு காகிதம். ஏட்டு குழந்தைசாமி.

"சிவசாமிங்கிறவர் வீடு இதுதானா?"

ஆவுடையப்பன் எச்சில் கையோடு எழுந்து நிலைப்படிக்கு வந்துவிட்டார். "என்ன விசயங்க?"

"ஒரு விசாரணை."

இந்த இடத்தில் ஆவுடையப்பனின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். போன தை மாதம் அவர் ஊருக்கு அருகே அனுமதி வாங்காமல் ஒரு மஞ்சுவிரட்டு நடந்தது. மாடு குத்தி ஒருவனுக்குக் குடல் சரிந்தது. போலீஸ் வந்து, அங்கே நின்றவன் போனவன் பெயரையெல்லாம் கேட்டுத் திரிந்தது. அந்தக் கூட்டத்தில், ஸ்பெயின் ஆராய்ச்சிக்காகத் தொழுவத்தின் வாயிலிலேயே நின்று, மாட்டுக்காரர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் சிவசாமி வாத்தியார். ஆவுடையப்பன் ஊரில் காக்கிச் சட்டை ஒருவனைப் பெயர் சொல்லிக் கேட்டால், முதலில் ஆள் இல்லை என்றுதான் சொல்வார்கள். எதற்கு என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்வார்கள். அப்பன் பிள்ளையைக் காப்பதும் பங்காளி பங்காளியைக் காப்பதும் அப்படித்தான். மாப்பிள்ளை விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

"அப்படி ஆரும் இங்கிட்டு இல்லீங்க," என்றார் அவர்.

"இந்த வீட்டு நம்பர்தான் போட்டிருக்கு. வாத்தியாரு."

"வாத்தியாரு வீடுதான். என் தங்கச்சி மாப்பிள்ள. அவரு பேரு வேறீங்க."

"என்ன பேரு?"

"பிச்சைங்க."

அண்ணன் எங்கிருந்து அந்தப் பெயரைப் பிடித்தார் என்பது அவருக்கே தெரியாது. வந்த வேகத்தில் சொல்லிவிட்டார். சமையல் கட்டு வாசலில் பிரகதாம்பாள் நின்றிருந்தாள். விஷயம் என்ன என்று இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏட்டு கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "ஏம்மா, நீங்கதான் வாத்தியாரு சம்சாரமா? ஒங்க வீட்டுக்காரர் பேரு என்ன? நீங்க சொல்லுங்க."

புருஷன் பெயரை அவள் இதுவரை உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வாள். கோயிலுக்குப் போனால் அர்ச்சனைக்கு அவளாகவே நட்சத்திரத்தைச் சொல்வாள், பெயரைக் குருக்களே சொல்லிக்கொள்வார். அதனால் அவள் தலையைக் குனிந்துகொண்டது இயற்கையாகவே இருந்தது.

ஏட்டும் கல்யாணமானவர்தான். "சரி சரி, பேரச் சொல்ல வேணாம். பிச்சைதானா, இல்ல வேறயா? தலையயாச்சும் ஆட்டுங்க."

அவள் ஆட்டவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே நின்றாள். ஒரே ஒரு தரம் இப்படியும் அப்படியும் அசைத்திருந்தால் போதும். அசைக்க வேண்டும் என்று நினைத்தாள். கழுத்து கேட்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேட்காதது கழுத்து இல்லை, மனசு.

"கூச்சப்படுறாங்க," என்றார் ஆவுடையப்பன்.

ஏட்டு காகிதத்தில் ஏதோ எழுதினார். சைக்கிள் போய்விட்டது.

"எப்படி?" என்று அண்ணன் மார்பைத் தட்டிக்கொண்டு இலைக்குத் திரும்பினார். "மாப்பிள்ள வந்தாச் சொல்லு. இனிமே தொழுவத்துப் பக்கம் வரும்போது வாசல்ல நிக்காம பரண்மேல ஏறி நிக்கச் சொல்லு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அண்ணே, அது மஞ்சுவிரட்டு விசாரணை இல்லை, ஓடிப்போய் ஏட்டைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை. அவள் மோர் ஊற்றினாள். ஊறுகாய் வைத்தாள். திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளே அவசரப்படுத்தி அண்ணனை அனுப்பி வைத்தாள்.

*

மத்தியானம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். வெட்கம் கெட்ட சந்தோஷம். ஆள் இல்லை என்று எழுதிய காகிதம் திருச்சிக்குப் போகும். பாஸ்போர்ட்டு வராது. கப்பல் சிவசாமி இல்லாமல் போகும். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், பிறகு மிளகாய்ப்பொடிக்குத் திரும்பிவிடுவார். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய் வதக்கலுக்கு எண்ணெய் காய வைத்தாள்.

எண்ணெய் காய்வதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. அந்த மனிதர் ஒரு வருஷமாகச் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறார். மத்தியான வெக்கையில் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருக்கிறார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இந்தச் செய்தி வந்தால் அழுவாரோ என்று தோன்றியது. அழட்டும் என்றும் தோன்றியது. அம்மா அழுதாளே, அப்போது யார் வந்தார்கள்?

ஐந்து மணிக்குச் சிவசாமி வந்தார். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கேட்டார்.

"யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரல."

"சரி, நாளைக்கு வருவாங்க." அவர் அதை அப்படியே நம்பினார். அவர் நம்பியதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இசபெல்லுங்கிறது ஆரு?"

சட்டைப் பொத்தானில் இருந்த கை நின்றது. கொஞ்சம்தான். ஆனால் நின்றது.

"யாரு சொன்னா? மேரியக்காவா?"

"ஆரு சொன்னா என்ன, நீங்க சொல்லல."

"சொன்னா நீ இப்படி நிப்பேன்னு தெரிஞ்சுதான் சொல்லல." அவர் உட்கார்ந்தார். "எல்லாம் பாதிரியார் ஏற்பாடு பிரகதம். அவங்க அவருக்குச் சொந்தம். அந்தம்மா மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அவங்க குட்டையா நெட்டையான்னு தெரியாது எனக்கு. சத்தியமா."

"வயசு?"

"கேக்கல."

"மாடு எத்தனன்னு கேட்டீங்கல்ல?"

மாடு எத்தனை என்று அவருக்குத் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஆவுடையப்பன் பழுது பார்த்த என்ஜின் பாகத்தோடு திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். வாசலிலேயே, "மாப்பிள்ள, ஒங்களுக்கு இன்னைக்கு ஒரு கண்டம்! நான் இருந்தேனோ, தப்பிச்சீக!" என்றார்.

"என்ன மச்சான்?"

"போலீஸு வந்துச்சு. சிவசாமி இருக்காரான்னான். அப்படி ஆளே இல்லன்னுட்டேன். பேரு பிச்சைன்னு அடிச்சுவிட்டேன். எழுதிட்டுப் போயிட்டான்."

சிவசாமி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "மச்சான்… அது பாஸ்போர்ட்டு விசாரணை."

ஆவுடையப்பன் கையிலிருந்த இரும்பு தரையில் விழுந்தது. "அய்யய்யோ. எனக்கு எப்படித் தெரியும்? ஆரும் சொல்லலியே!" என்றவர் தங்கச்சியைப் பார்த்தார். பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டார்.

சிவசாமியும் அவளைத்தான் பார்த்தார்.

"நீ அப்ப எங்க இருந்த?"

"இங்கனதான்."

"காலையில நான் சொல்லிட்டுத்தான போனேன்? பேரச் சொல்ல மாட்ட, சரி. தலைய ஆட்டியிருக்கலாம்ல?"

"ஆட்டல."

"பதறிப் போயி மறந்துட்டேன்னு சொல்லு. நம்புறேன்."

"மறக்கல," என்றாள் பிரகதாம்பாள். "ஆட்ட மனசு வரல. கொஞ்ச முன்னாடி யாரும் வரலன்னு சொன்னதும் பொய்தான்."

"ஒன்பது வருஷத்துல நீ எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

"நீங்க?"

ஆவுடையப்பன் மெல்ல என்ஜின் பாகத்தை எடுத்துச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்ததைப் பிரித்து மறுபடி சுற்றினார். ஊருக்குக் கடைசி பஸ் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த நிலைமையில் எழுந்து போவதும் முறையில்லை, இருப்பதும் முறையில்லை.

சிவசாமி சட்டையை மாட்டினார். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். காகிதம் இன்னும் போயிருக்காது."

போக வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வாசலில் சைக்கிள் மறுபடி நின்றது. விளக்கேற்றுகிற நேரத்தில் ஏட்டு குழந்தைசாமி உள்ளே நுழைந்து, மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். காலையில் இருந்த இளக்கம் இப்போது முகத்தில் இல்லை.

"பிச்சை வாத்தியாரு எங்கன்னு டீக்கடையில கேட்டேன். அப்படி ஒருத்தர் கெடையாது, சிவசாமி சார்தான்னான்." அவர் ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். "இருக்குற ஆள இல்லன்னு எதுக்கய்யா சொன்னீரு?"

"தெரியாமச் சொல்லிட்டேனுங்க. வேற விசாரணைன்னு…"

"வேற என்ன விசாரணை?"

ஆவுடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். சிவசாமி முன்னால் வந்து நின்றார். "நான்தான் சிவசாமி. இதுல ஒண்ணும் ஒளிவு மறைவு இல்ல."

"இல்லாட்டி எதுக்கு ஆள மறைக்கிறீங்க? சரி, கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. மலேயாவுக்குப் போறாங்க, சிலோனுக்குப் போறாங்க. இந்த ஸ்பெயினுக்கு நம்ம பக்கம் ஆரும் போனதில்லையே, என்ன சோலி?"

"படிக்க."

"எந்தக் காலேஜு?"

"காலேஜ் இல்ல. நானாப் பாத்துப் படிக்கிறது."

"ஆரு அனுப்புறா?"

"யாரும் அனுப்பல."

"காலேஜும் இல்ல, அனுப்புறவுகளும் இல்ல, போறேங்கிறீங்க." ஏட்டு பேனாவைத் திறந்தார். "அந்தப் பக்கம் ஆராச்சும் கூப்பிட்டிருக்கணும்ல?"

ஒரு வருஷமாகத் தான் கேட்கத் துடித்த கேள்வியை ஒரு போலீஸ்காரர் இவ்வளவு லேசாகக் கேட்டதும் பிரகதாம்பாளுக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. ஆனால் சிவசாமி, "காளைகளைப் பத்தி ஆராய்ச்சி" என்று ஆரம்பித்ததும் ஏட்டு கையை உயர்த்தி நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. காலையில பேசாம நின்னீங்க, சரி, இப்பப் பேசணும். போனா இவரு திரும்பி வருவாரா?"

வருவாரு. அந்தச் சொல்லை அவளுடைய அம்மா அழகம்மாள் சாகிற வரைக்கும் சொன்னாள். கடைக்காரன் கேட்டாலும் சொன்னாள், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் கேட்டாலும் சொன்னாள். அடுத்த தைக்கு வருவாரு, அடுத்த ஆடிக்கு வருவாரு. சொல்லச் சொல்ல அந்த முகம் சுருங்கிக்கொண்டே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் பிரகதாம்பாள். வருவாரு என்று இப்போது சொன்னால் சிவசாமி கப்பல் ஏறுவார், அவள் அம்மாவாகிவிடுவாள். தெரியாது என்று சொன்னால் ஏட்டு அதை எழுதிக்கொள்வார், கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவளாவாள். இரண்டுக்கும் அவளுக்கு மனமில்லை.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வருவாரு. ஏன்னா, நானும் கூடப் போறேன். போனா ரெண்டு பேரும் போவோம், வந்தா ரெண்டு பேரும் வருவோம். எம்பேரு பிரகதாம்பாள். அதையும் அதுல எழுதிக்கங்க ஏட்டையா."

"ஆத்தா!" என்றார் ஆவுடையப்பன்.

ஏட்டுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. "அதுக்குத் தனியா மனுக் குடுக்கணும்மா. ஆனா சம்சாரமும் கூடப் போறாங்கன்னா எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அப்படியே குறிச்சு அனுப்பிடுறேன், சோலி முடிஞ்சுது." அவர் சிவசாமியைப் பார்த்தார். "என்ன சார், எழுதிரட்டுமா?"

பிரகதாம்பாளும் திரும்பினாள். அந்த முகத்தில் சந்தோஷம்கூட வேண்டாம், கொஞ்சம் ஆச்சரியம் இருந்தால்கூட ஒரு வருஷத்துக் கசப்பையும் அங்கேயே துப்பிவிட அவள் தயாராக இருந்தாள். காளையைப் பற்றி அவளும் படிப்பாள். ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுவாள்.

"வேண்டாம்," என்றார் சிவசாமி. யோசிக்கக்கூட இல்லை.

"ஏன் வேண்டாம்?" என்றாள் பிரகதாம்பாள்.

"சொன்னாப் புரிஞ்சுக்க. அங்கிட்டு ஒரு ஆளுக்குத்தான் எடம். ரெண்டு பேர்னா ஆகாதுன்னு அந்தம்மா அன்னைக்குப் பேசுறப்பவே எங்கிட்டக் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. அந்தம்மா முகத்தைக்கூடப் பார்த்ததில்லை என்று இதே இடத்தில் உட்கார்ந்து சத்தியம் செய்த மனிதர் இவர்தான்.

"என்னைக்கு சார்?"

கேட்டது அவள் இல்லை. பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே, ஏட்டு குழந்தைசாமி கேட்டார்.